குழியின் வாயில் நின்றவள்

ஹாங்காங் தீவின் மலைச்சரிவுகளில் 1970களிலும் 80களிலும் எழுந்த அடுக்குமாடிகள் பலவற்றில் முதல் வேலையைச் செய்தவர்கள் ஒரு கணவனும் ஒரு மனைவியும். அவன் குழிக்குள் இருப்பான், அவள் குழியின் வாயில் நிற்பாள். அவன் மண்ணையும் பாறையையும் வெட்டி வாளியில் நிரப்புவான். அவள் வின்ச்சை ஓட்டி வாளியை மேலே இழுத்து, ஓரமாகக் கொட்டிவிட்டு, காலி வாளியைத் திரும்ப இறக்குவாள். நாள் முழுவதும் இதுதான். இருபது, முப்பது மீட்டர் ஆழம் போனபின், கடினப் பாறை தட்டியதும், குழிக்குள் கம்பி கட்டிக் கான்கிரீட் நிரப்புவார்கள். அதன்மேல் தூண் நிற்கும், தூணின்மேல் கட்டடம் நிற்கும். ஜோடி அடுத்த குழிக்குப் போய்விடும்.

அடித்தளப் பொறியியல் நூல்களில் இந்த முறைக்குப் பெயர் 'கையால் தோண்டும் கெய்சன்'. மண்ணின் தன்மை, நிலத்தடி நீர், கான்கிரீட்டின் வலிமை பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதும் இந்த நூல்கள், தோண்டியவர்களைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்: வழக்கமாக இது கணவன் மனைவி ஜோடியின் வேலை. அந்த வாக்கியத்தில் 'மனைவி' என்ற சொல்லுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டிய பக்கங்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

முதலில் பைல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நமக்கு அஸ்திவாரம் என்றதும் வாணம் தோண்டிக் கருங்கல் அடுக்குவதுதான் நினைவுக்கு வரும். ஒரு மாடி, இரண்டு மாடிக்கு அது போதும். மேல்மண் இளக்கமாக இருந்து, பத்து மாடி, இருபது மாடி எழுப்ப வேண்டியிருந்தால், பாரத்தை ஆழத்தில் இருக்கும் கெட்டி மண்ணுக்கோ பாறைக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கான நீண்ட தூண்தான் பைல். அதை வெளியில் செய்து சம்மட்டியால் அடித்து இறக்கலாம். அல்லது நிலத்தில் துளைபோட்டு, கம்பிக்கூட்டை இறக்கி, அந்த இடத்திலேயே கான்கிரீட் வார்க்கலாம். இரண்டாவது வகைக்குப் பெயர் 'துளையிட்டு வார்க்கும் பைல்'. அக்கம்பக்கத்து வீடுகள் அதிராது, சுவர் விரிசல் விடாது என்பதால் நெருக்கமான நகரங்களுக்கு ஏற்றது. 1899இல் கீவ் நகரத்தில் இம்முறையில் பைல் வார்த்த அன்டன் ஸ்ட்ராவுஸ் என்ற பொறியாளரின் பெயரில் ரஷ்ய மொழியில் இன்றும் அதை 'ஸ்ட்ராவுஸ் பைல்' என்கிறார்கள். சிகாகோவில் 1890களிலேயே ஆட்கள் இறங்கிக் கையால் தோண்டிய அடித்தளக் கிணறுகளைத் தொடங்கிவைத்தவர் வில்லியம் சூய் ஸ்மித். கருவிகளுக்கும் முறைகளுக்கும் இப்படி ஆண்களின் பெயர் இருக்கிறது. வின்ச்சின் பிடிக்கு அதைப் பிடித்தவள் பெயர் இல்லை.

உலகம் முழுவதும் துளையிடும் எந்திரங்கள் வந்துவிட்ட பிறகும் ஹாங்காங் ஏன் கையால் தோண்டியது? அந்த ஊரின் நிலம் ஒரு காரணம். அங்கே அடியில் கருங்கல் பாறை. ஆயிரமாயிரம் ஆண்டு மழையிலும் வெயிலிலும் அது மட்கி மண்ணாகியிருக்கிறது. ஆனால் முழுக்க மட்கவில்லை. இளகிய மண்ணுக்குள்ளே வீட்டளவு, வண்டியளவு உருண்டைப் பாறைகள் அப்படியே கிடக்கின்றன. எந்திரத்தின் பல் அவற்றில் மாட்டிக்கொள்ளும். சரிவு செங்குத்தானது, சந்துகள் குறுகலானவை, பெரிய எந்திரம் ஏறாது. மனிதர்கள் ஏறுவார்கள். ஒரே மனையில் ஒரே சமயத்தில் பல குழிகளைப் பல ஜோடிகளிடம் பிரித்துக் கொடுக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக அது மலிவு. 'உள்ளூர் நிலைமைகளுக்கு ஏற்ற முறை' என்று எழுதும்போது உள்ளூர் மண்ணோடு உள்ளூர்க் கூலியும் அந்த நிலைமையில் சேர்த்தி என்பதைக் கவனிக்க வேண்டும்.

முறை இதுதான். குழியின் விட்டம் ஒன்றரை மீட்டர் இருக்கலாம், இரண்டரை இருக்கலாம். அதைவிடப் பெரியவையும் உண்டு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தோண்டுவார்கள். சரிந்துவிடாமல் இருக்க அந்த ஒரு மீட்டருக்கும் சுற்றிலும் அச்சுத் தகடு வைத்து வளையம்போலக் கான்கிரீட் ஊற்றுவார்கள். மறுநாள் அது இறுகியிருக்கும். தகட்டைக் கழற்றிக்கொண்டு அடுத்த மீட்டர். நம்மூர்க் கிணற்றுக்கு உறை இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. மேலே ஒரு சட்டம், அதில் மோட்டார் வைத்த சின்ன வின்ச், கம்பிக்கயிறு, வாளி. கீழே காற்று போகக் குழாய், தண்ணீரை இறைக்க மின்பம்பு, வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, பாறை வந்தால் உடைக்கக் காற்றில் ஓடும் துளைப்பான்.

இப்போது மேலே நிற்பவளின் வேலையை எண்ணிப் பார்ப்போம். வாளி ஆடாமல் ஏற வேண்டும். ஆடினால் குழியின் விளிம்பில் மோதும். மோதினால் உள்ளேயிருந்து ஒரு கல் தெறிக்கும். இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் அடியைத் தொடும்போது மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே ஒதுங்க இடம் கிடையாது. வாயைச் சுற்றிக் கிடக்கும் மண்ணையும் கல்லையும் அவள் கூட்டித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அவள் கால் பட்டே ஒன்று உருளலாம். காற்றுக் குழாய் மடங்காமல் பார்க்க வேண்டும். பம்பு நின்றால் அவளுக்குத்தான் முதலில் தெரியும். மின்கசிவு, மூச்சுத் திணறல், திடீரென்று பீறிடும் தண்ணீர், மண்சரிவு என்று கெய்சன் வேலையின் ஆபத்துகளைப் பொறியியல் கையேடுகள் பட்டியலிடுகின்றன. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் முதல் எச்சரிக்கை மணி அவள்தான். பாறையைப் பரிசோதிக்க இறங்கும் பொறியாளரும் அந்தக் குழியின் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

இதை 'உதவி வேலை' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லின்மேல் கோபம் உண்டு. விமானத்தைத் தரையிலிருந்து வழிநடத்துகிறவரை யாரும் விமானியின் உதவியாள் என்று சொல்வதில்லை.

ஏன் மனைவி? நம்பிக்கை என்பது வழக்கமான பதில். குழிக்குள் இருப்பவனின் உயிர் மேலே இருப்பவர் கையில். அந்தக் கையை வேறு யாரிடம் ஒப்படைப்பான்? இதில் உண்மை இல்லாமலில்லை. கூடவே ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு ஜோடியை ஓர் அலகாக எடுத்துக்கொள்ளும் எந்தக் குத்தகையிலும் கூலி ஒன்றாகத்தான் வரும், வந்து சேரும் கை பெரும்பாலும் ஆணுடையதாக இருக்கும். அவள் உழைப்பு அவன் கூலிக்குள் கரைந்துவிடும். தனி ஆளாக ஒரு வின்ச் ஓட்டுநரை வைத்தால் அவருக்கு ஒரு கூலி, ஒரு பெயர், விபத்து நடந்தால் ஒரு பொறுப்பு என்று எல்லாம் எழுத வேண்டும். மனைவி என்றால் எழுத வேண்டியதில்லை. நம்பிக்கை என்ற அழகான சொல் குத்தகைக்காரருக்கு எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இது ஹாங்காங்குக்கு மட்டும் உரிய ஏற்பாடும் இல்லை. தென்னிந்தியாவில் ஏரி வெட்டிய, கிணறு தோண்டிய, கால்வாய் எடுத்த ஒட்டர், போயர் சமூகக் குடும்பங்களில் ஆண் வெட்ட, பெண் சுமப்பதுதான் முறை. எவ்வளவு மண் எடுத்தார்கள் என்று அளப்பதற்குக் குழியின் நடுவில் ஒரு மண்திட்டை மட்டும் வெட்டாமல் விட்டுவைப்பார்கள். திட்டின் உயரத்தை வைத்துக் கன அடி கணக்குப் போட்டுக் கூலி. வெட்டியதற்குத் திட்டு சாட்சி சொல்லும். சுமந்த நடைகளுக்குச் சாட்சி கிடையாது. ஆழம் காண முடியாத ஆற்று மணலில் அடித்தளம் நிறுத்தும் வித்தையைத் தங்கள் பொறியாளர்கள் இந்நாட்டவரிடமிருந்தே கற்றார்கள் என்று கல்லணையைக் குறித்து ஆர்தர் காட்டன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பெருந்தன்மைதான். அந்த 'இந்நாட்டவர்' என்ற சொல்லைப் படிக்கும்போது நம் மனதில் எழும் உருவத்தின் தலையில் மண்கூடை இருக்கிறதா, கையில் மண்வெட்டி மட்டும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்கள் வாயில் நிற்கவில்லை, உள்ளேயே போனார்கள். கணவன் கரியை வெட்டுவான், 'காமின்' என்று அழைக்கப்பட்ட பெண் கூடையில் சுமந்து போய்த் தொட்டி வண்டியில் கொட்டுவாள். தொட்டிக் கணக்கில் கூலி. 1929இல் வந்த விதிகள் பெண்களைப் படிப்படியாக நிலத்தடியிலிருந்து வெளியேற்றின. காரணம் பாதுகாப்பு. 1943இல் உலகப் போருக்கு நிலக்கரி போதவில்லை என்றதும் அதே அரசு தடையை விலக்கிப் பெண்களை மறுபடி உள்ளே அனுப்பியது. போர் முடிந்து 1946இல் மறுபடி வெளியே அனுப்பியது. மூன்றாண்டுகளுக்கு மட்டும் சுரங்கம் பெண்ணுடலுக்கு ஆபத்தில்லாமல் போய்விட்டது போலும்! 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அந்தத் தடையை உறுதிசெய்தது. 2019இல்தான் நிபந்தனைகளோடு தளர்த்தினார்கள். சுரங்கம் ஆபத்தானது என்பதை நான் மறுக்கவில்லை. வெளியேற்றப்பட்டவளுக்கு மாற்று வேலை எதையும் அந்த விதிகள் வைத்திருக்கவில்லை என்பதுதான் விஷயம். குடும்பத்தின் கூலி குறைந்தது, கரி வெட்டும் வேலை அப்படியே இருந்தது.

ஹாங்காங்குக்குத் திரும்புவோம். பாறையைக் காற்றுத் துளைப்பானால் உடைக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. மூடிய குழியில், இரண்டு மீட்டர் விட்டத்துக்குள், அது போவதற்கு இரண்டே இடம்தான்: மேலே, அல்லது நுரையீரலுக்குள்ளே. உள்ளே போன சிலிக்கா நுரையீரலில் தழும்பாகிறது. நோய் வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும். சிலிக்கோசிஸ் என்று பெயர், குணமாக்க மருந்தில்லை. இந்த நோயாளிகளில் கெய்சன் தொழிலாளர்கள் கணிசமான பேர். 1981 தொடக்கத்திலிருந்து ஹாங்காங்கில் இதற்கென்று ஓர் இழப்பீட்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு முதலாளியாகத் தேடிப் போகாமல், கட்டுமான வேலைகளின் மதிப்பிலிருந்து ஒரு தீர்வையைப் பிடித்து நிதியாக்கி அதிலிருந்து நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். பத்து இடத்தில் பத்துக் குத்தகைக்காரரிடம் வேலை செய்த ஆளுக்கு இது பெரிய உதவி. நல்ல சட்டம் என்றே சொல்வேன்.

ஆனால் சட்டத்தின் கண் எக்ஸ்ரே படத்தில் இருக்கிறது. படத்தில் தழும்பு தெரிந்தவர் தொழிலாளி. அவர் பக்கத்தில் நிற்பவள் வாழ்க்கைத்துணை. அதே குழியில், அதே வருடங்களில், அவளும் தொழிலாளிதான் என்பது அந்தப் படத்தில் பதியாது. அவளுடைய முதுகும் தோளும் காதும் எந்தச் சட்டத்தின் அட்டவணையில் வரும்? மூச்சு வாங்கும் மனிதனை எழுப்பி உட்காரவைத்து, மருந்து கொடுத்து, இரவெல்லாம் விழித்திருப்பது அவளுடைய அடுத்த வேலை. இதற்குக் கூலி கிடையாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாளியை இழுத்தபோதும் 'மனைவி' என்ற தலைப்பில்தான் இழுத்தாள்.

1990களின் நடுவில் ஹாங்காங் அரசு கையால் தோண்டும் கெய்சனுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதற்குள் நகரத்தின் புகழ்பெற்ற கட்டடங்கள் சில அந்தக் குழிகளின்மேல் எழுந்துவிட்டன. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985இல் முடிந்த ஹாங்காங் ஷாங்காய் வங்கித் தலைமையகம் அதில் ஒன்று. உட்புறத் தூண்களே இல்லாமல் எட்டு எஃகுக் கோபுரங்களில் தொங்கும் அந்தக் கட்டடத்தைக் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பகுதிகளை உலகின் பல மூலைகளில் தயாரித்துக் கொண்டுவந்து பூட்டிய எதிர்காலக் கட்டடம் என்று புகழ்கிறார்கள். அதன் கீழே இருப்பது கையால் தோண்டிய கெய்சன்.

குழி அங்கே மூடியது, எல்லைக்கு அப்பால் திறந்தே இருந்தது. பக்கத்து ஷென்செனில் நகரம் விஷம்போல் வளர்ந்த காலம் அது. ஹூனான் மாநிலக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே பைல் குழிகளில் பாறைக்கு வெடி வைத்து உடைத்தார்கள். 2009இல் லெய்யாங் என்ற ஊரிலிருந்து நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளர்கள் கூட்டமாக ஷென்செனுக்குத் திரும்பி வந்து இழப்பீடு கேட்டார்கள். பெரும்பாலோரிடம் வேலை ஒப்பந்தக் காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் அந்த ஊரில் வேலை செய்ததையே நிரூபிக்க முடியாத நிலை. போராடித்தான் ஒரு தொகை வாங்கினார்கள். ஊரில் அவர்கள் இறக்க இறக்க, கேட்டு நிற்கும் வேலை மனைவிமாருக்கு வந்தது. 2021இன் இறுதியில்தான் சீன அரசு கையால் தோண்டும் பைல் முறையைக் கட்டுப்படுத்த வேண்டிய முறைகளின் பட்டியலில் சேர்த்தது.

நம் ஊருக்கு வருகிறேன். சென்னையில் பைலுக்காக ஆளை இறக்குவது வழக்கமில்லை. களிமண்ணும் மணலும் நிலத்தடி நீரும் அதற்கு விடாது. மூன்று கால் கோபுரம் நட்டு, டீசல் வின்ச்சில் கனத்த உளியைத் தூக்கித் தூக்கிப் போட்டு, இளகிய மண்ணைக் குழாய் வாளியால் அள்ளித் துளை எடுப்பார்கள். துளை சரியாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண் கரைசலை நிரப்பி வைப்பார்கள். அந்தக் கரைசல் நிறைந்த துளைக்குள் கம்பிக்கூட்டை இறக்கி, அடிவரை போகும் ட்ரெமி குழாய் வழியாகக் கான்கிரீட்டை ஊற்ற வேண்டும். கான்கிரீட் அடியிலிருந்து மேலே ஏற ஏறக் கரைசல் வழிந்து வெளியேறும். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். இதில் மீறக்கூடாத விதி ஒன்று: ஊற்றத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. நின்றால் நடுவில் சேறு புகுந்து பைல் இரண்டு துண்டாகிவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

இந்த விதியைப் பெண்ணுடலின் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். 600 மில்லிமீட்டர் விட்டம், 20 மீட்டர் ஆழம் கொண்ட ஒரு பைலுக்கு ஏறத்தாழ 5.6 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். இந்தியத் தரநிர்ணயப்படி பைல் கான்கிரீட்டில் கன மீட்டருக்குக் குறைந்தது 400 கிலோ சிமெண்ட், அதாவது நாற்பத்தைந்து மூட்டை. மணலும் ஜல்லியும் சேர்ந்து பத்து டன். சட்டிக்கு இருபது கிலோ என்று வைத்தால் ஐநூறு சட்டி. கலவை மிஷின் வாய்க்கு இந்த ஐநூறு சட்டியையும் சும்மாடு வைத்த தலையில் சுமந்தவர்கள் சித்தாள்கள். துளை முடிவது சாயங்காலமானால் ஊற்றுவது இரவில். துளையை விடியும்வரை விட்டுவைத்தால் சரியலாம் என்பதால் அப்போதே ஊற்றியாக வேண்டும். ஓரத்தில் சேலைத் தூளியில் குழந்தை அழுதால்? மாதவிலக்கு நாளாக இருந்தால்? சிறுநீர் கழிக்க இடமே இல்லாத மனையில் நள்ளிரவு என்றால்? கான்கிரீட்டின் தொடர்ச்சிக்கு விதி எழுதியவர்கள் யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சித்தாள் என்ற சொல்லையே பாருங்கள், சிறிய ஆள். அதே மனையில் மண் வெட்டிக் கலவை போடும் ஆண் பெரியாள். பெரியாள் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகலாம், மேஸ்திரி ஆகலாம். சித்தாள் அறுபது வயதிலும் சித்தாள்தான். 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது. வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

1979இலிருந்து தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டதில் சித்தாள்களின் பங்கு பெரிது. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. 1996இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தீர்வை. வாரிய அட்டை கையில் வந்த நாள்தான் பல பெண்களுக்குத் தாங்கள் தொழிலாளி என்று அரசுக் காகிதத்தில் முதன்முதலாக எழுதப்பட்ட நாள்.

அட்டை வந்த அதே காலத்தில் வேலை போகத் தொடங்கியது. 1990களில் இந்தியாவுக்கு வந்த தயார்நிலைக் கான்கிரீட், சுழலும் டிரம் வைத்த லாரியில் மனைக்கே வருகிறது. ஒரு லாரியின் கொள்ளளவு சுமார் ஆறு கன மீட்டர். அதாவது ஒரு பைல். அதாவது ஐநூறு சட்டி. சுழல் துளைப்பான் பொருத்திய ரிக் எந்திரம், மூன்று கால் கோபுரம் நாள்கணக்கில் எடுத்த துளையைச் சில மணி நேரத்தில் எடுக்கிறது. அந்தச் சுமை போனதில் எனக்கு வருத்தம் இல்லை, யாருடைய தலையும் ஐநூறு சட்டி சுமக்க வேண்டியதில்லை. ரிக்கை ஓட்டப் பழக்கப்பட்டவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி. அந்த அறையில் இருப்பது இரண்டு பிடியும் சில மிதிகளும் ஒரு திரையும். ஹாங்காங் குழியின் வாயில் நின்றவள் ஒரு பிடியை வைத்துக்கொண்டு அதைவிடக் கடினமான வேலையைச் செய்தாள்.

இன்று சென்னையில் பைல் போடும் பெரிய மனைகளின் வாசலில், ஒளிரும் மேல்சட்டையும் தலைக்கவசமும் போட்ட இரண்டு பெண்கள் பெரும்பாலும் இருப்பார்கள். வெளியே போகும் லாரிகளின் சக்கரத்திலிருந்து சாலையில் விழும் பென்டோனைட் சேற்றைத் தண்ணீர் அடித்துக் கூட்டித் தள்ளுவது அவர்கள் வேலை.